வரைபடம் சொன்ன மட்டமும் என் ஸ்டாஃப் சொன்ன மட்டமும்

"மாமா, ஒரே வீடு. கடல் ஏறினா மூழ்குமான்னு பார்த்தா ஒரு சைட்ல சிவப்பா காட்டுது, இன்னொண்ணுல ஒண்ணுமே இல்ல. காசு கட்டி வாங்கின ரிப்போர்ட்ல பச்சைக் கட்டம் போட்டு 'குறைந்த அபாயம்'னு இருக்கு. எதை நம்புறது?"

மாப்பிள்ளை கேட்டது இவ்வளவுதான். கடலிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே, தரைத்தளத்தில் அவர் வாங்கப் பார்க்கும் ஒரு வீடு. பின்பக்கம் ஒரு வடிகால் கால்வாய். ஊர்ப் பெயர் எதற்கு? தாழ்வான கடலோர நகரம் எதுவானாலும் கதை இதுதான். நான் 31 வருஷம் சாலைக்கும் பாலத்துக்கும் லெவல் கருவியும் ஸ்டாஃப் என்கிற அளவுக் கம்பும் வைத்து மட்டம், அதாவது தரை உயரம், எடுத்தே காலம் தள்ளியவன். ஓய்வுபெற்ற பிறகு என்னிடம் யாரும் மட்டம் கேட்டதில்லை. இவர் கேட்டுவிட்டார், நானும் இரண்டு மாதம் விடவில்லை. இலவசமாகக் கிடைக்கும் மூன்று சேவைகளையும் காசு வாங்கிக்கொண்டு தரும் ஒன்றையும் அந்த ஒரே வீட்டை வைத்துப் பார்த்தேன்.

முதலில் கிளைமேட் சென்ட்ரல் என்ற அமெரிக்க அமைப்பின் கடலோர அபாய வரைபடம். '2050-இல் மூழ்கும் நகரங்கள்' என்று சிவப்பு பூசிச் செய்திகளில் வருகிற படங்களில் பல இங்கிருந்து எடுத்தவை. பயன்படுத்த எளிது. ஆண்டைத் தேர்ந்தெடுத்தும் பார்க்கலாம், ஆண்டை விட்டுவிட்டு நீர்மட்டத்தை மட்டும் ஏற்றியும் பார்க்கலாம். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். ஆண்டு என்று போனால் அதற்குள் ஆயிரம் அனுமானம் ஒளிந்திருக்கிறது: உலகம் எவ்வளவு புகை விடும், துருவப் பனி எவ்வளவு கரையும், இப்படி. நீர்மட்டம் என்றால் ஒரே கேள்விதான். தண்ணீர் இவ்வளவு ஏறினால் என் தெரு மேடா, பள்ளமா?

அதற்குப் பதில் கடலிடம் இல்லை, தரையிடம் இருக்கிறது. இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும்.

2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாள் பூமியைச் சுற்றி ரேடாரால் உலகத்தின் உயரத்தை அளந்தது. விண்கலத்திலிருந்து 60 மீட்டர் நீளத்துக்கு ஒரு கம்பத்தை நீட்டி அதன் முனையில் இன்னொரு ஆன்டெனா. எஸ்.ஆர்.டி.எம். என்பார்கள். உலகத்தின் நிலப்பரப்பில் ஐந்தில் நாலு பங்கு அதில் அடங்கியது. பிரமாதமான வேலை, நான் குறை சொல்லவில்லை. ஆனால் ரேடார் பார்த்தது மொட்டைத் தரையை இல்லை. மரம் இருந்த இடத்தில் மரத்தின் தலையை, கட்டடம் இருந்த இடத்தில் மாடியின் தலையை. ஸ்டாஃபைத் தரையில் ஊன்றாமல் மொட்டை மாடியில் ஊன்றிப் பிடித்தால் என்ன ஆகும்? என்னிடம் வேலை பார்த்த பையன் எவனாவது அப்படிப் பிடித்திருந்தால் அன்றே முக்காலியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். உலகம் பல வருஷம் அந்த மட்டத்தை வைத்துத்தான் கடலோர வெள்ளக் கணக்குப் போட்டது. காரணம், பல நாடுகளுக்கு வேறு எதுவும் கையில் இல்லை.

கிளைமேட் சென்ட்ரல்காரர்கள் செய்தது இதைத் திருத்தியது. விமானத்திலிருந்து லேசர் அடித்துத் தரையை அளக்கும் லைடார் அளவுகள் அமெரிக்கக் கடற்கரைக்கு இருக்கின்றன. அதைப் பாடமாக வைத்துக் கணினிக்குப் பயிற்சி கொடுத்து, மற்ற கடற்கரைகளின் பொய் உயரத்தைக் கழித்தார்கள். 2019-இல் வந்த அவர்களுடைய ஆய்வுக் கட்டுரையின் எண்ணிக்கையைப் பாருங்கள். இன்றைய உயர் ஓத மட்டத்துக்கு, அதாவது கடல் தினமும் பொங்கி ஏறும் உச்சத்துக்கு, கீழே உள்ள நிலத்தில் வாழ்பவர்கள் பழைய தரவின்படி 2.8 கோடிப் பேர், திருத்திய தரவின்படி 11 கோடிப் பேர். நடுவில் கடல் ஏறவில்லை, யாரும் குடிபெயரவில்லை. தரையின் மட்டத்தைச் சரியாகப் படித்தார்கள், அவ்வளவுதான். அதே 2019-இல் வியட்நாமின் மேக்கோங் டெல்டாவிலும் இப்படி ஒன்று வெளிவந்தது. சராசரியாக இரண்டரை மீட்டருக்கு மேல் இருப்பதாக நினைத்திருந்த டெல்டா, உள்ளூர் அளவுகளை வைத்துப் பார்த்தபோது சுமார் 0.8 மீட்டரில் நின்றது.

சிவப்பைப் பார்த்துப் பதறவும் வேண்டாம். இந்த வரைபடம் தொட்டியில் தண்ணீர் நிரப்புகிறமாதிரி வேலை செய்கிறது: கடல் மட்டத்தை ஏற்று, அதற்குக் கீழே கடலோடு தொடர்புள்ள இடத்தையெல்லாம் நிரப்பு. புயலின் ஓட்டம், மழை, ஆறு, கரை அரிப்பு எதுவும் கணக்கில் இல்லை என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். படித்தவர்கள் எத்தனை பேரோ. நெதர்லாந்தின் மேற்குப் பக்கத்தைத் திறந்து பாருங்கள், சிவப்பு வழிகிறது. அங்கே 1953-இல் 1,836 பேரைக் கடல் கொண்டுபோன பிறகு கட்டிய அணைகளும், 1997 முதல் நிற்கிற மாஸ்லாண்ட் கதவும் தடுத்துக்கொண்டிருக்கின்றன என்பது நிறத்தில் தெரியாது. தாழ்வு வேறு, மூழ்குவது வேறு. ஐந்துக்கு நாலு கொடுப்பேன்.

அடுத்தது நாசாவின் கடல்மட்டக் கணிப்புக் கருவி. இதில் நிறம் பூசிய தெருப்படம் கிடையாது. கடல்மட்டத்தை அளக்கும் ஓதமானி நிலையங்கள் உலகம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இருக்கும், அருகில் உள்ளதைத் தொட்டால் 2150 வரை பத்தாண்டுக்கு ஒரு எண். மகள் ஒரு நிமிஷத்தில் மூடிவிட்டாள். நான் ஒரு வாரம் அதிலேயே கிடந்தேன். எண்கள் ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி-யின் 2021 அறிக்கையிலிருந்து வருகின்றன. உலக சராசரி 1901-இலிருந்து 2018-க்குள் 20 செ.மீ. ஏறியிருக்கிறது. 2006-க்குப் பிறகு வருஷத்துக்கு 3.7 மி.மீ. 2100-இல், 1995–2014 சராசரியை விட, உமிழ்வை மிக வேகமாகக் குறைத்தால் 28 முதல் 55 செ.மீ., குறைக்காமல் கூட்டிக்கொண்டே போனால் 63 செ.மீ. முதல் 1.01 மீட்டர். பனித்தகடுகள் எதிர்பாராமல் உடைந்தால் 2 மீட்டரை நெருங்குவதையும் தள்ளிவிட முடியாது என்கிறது அறிக்கை.

எனக்குப் பிடித்தது அந்த எண்ணைப் பிரித்துக் காட்டுவது. கடல்நீர் சூடாகி விரிவதும் நீரோட்டமும் இவ்வளவு, கிரீன்லாந்து இவ்வளவு, அண்டார்க்டிகா இவ்வளவு, தரை தாழ்வதோ எழுவதோ இவ்வளவு. கடைசியில் சொன்னதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. நிலத்தடி நீரை உறிஞ்சிக்கொண்டே இருந்தால் மண் அமுங்கும். ஜகார்த்தாவின் வடக்கில் சில இடங்கள் வருஷத்துக்கு 10 செ.மீ.க்கு மேல் இறங்கியிருக்கின்றன, கடல் ஏறுகிற வேகத்தைப் போல இருபத்தைந்து மடங்கு. டோக்கியோவின் கிழக்குத் தாழ்நிலம் 20-ஆம் நூற்றாண்டில் 4 மீட்டருக்கு மேல் இறங்கியது. நீர் இறைப்பதைக் கட்டுப்படுத்திய பிறகு கிட்டத்தட்ட நின்றது. ஒரு எச்சரிக்கை: ஓதமானி பெரும்பாலும் துறைமுகத்தில் உறுதியான கல் மேடையில் இருக்கும். அது இறங்கவில்லை என்பதால் உங்கள் தெரு இறங்கவில்லை என்று ஆகாது. எண்ணுக்கு ஐந்து, எளிமைக்கு இரண்டு.

உலக வள நிறுவனத்தின் அக்விடக்ட் ஃப்ளட்ஸ் பற்றி நாலே வரி. ஆற்று வெள்ளமும் கடல் வெள்ளமும் உண்டு, தரை இறக்கத்தைச் சேர்த்தும் சேர்க்காமலும் பார்க்கலாம், 2080 வரை போகும். ஆனால் ஒரு கட்டம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். இரண்டு நகரங்களை ஒப்பிட நல்லது. வீடு தேட இதைத் திறப்பது தராசுக்குப் பதில் லாரி எடை மேடையில் தங்கம் நிறுப்பதுபோல.

இப்போது அந்தப் பச்சைக் கட்டம்.

விலாசம் கொடுத்துக் காசு கட்டினால் சில நிமிஷத்தில் 14 பக்க பி.டி.எஃப். வருகிறது. பெயர் சொல்லப் போவதில்லை. அட்டைப் பக்கம் அழகு, எழுத்துரு அழகு. 'வெள்ள மதிப்பெண் 10-க்கு 2'. மூன்றாம் பக்கத்தில் சின்ன எழுத்தில், 'இடத்தின் உயரம்: 6.4 மீ.' அந்த எண்ணில்தான் என் கண் நின்றது. தெருவில் நின்று கால்வாய்த் தண்ணீரைப் பார்த்தால் அது என் தோள் உயரத்தை விடக் கொஞ்சம் கூடுதலான ஆழத்தில் தெரிகிறது. அந்தக் கால்வாய் ஓதத்தோடு ஏறி இறங்குகிறது. அப்படியானால் தெரு எப்படி ஆறே கால் மீட்டருக்கு மேல் இருக்கும்?

மாப்பிள்ளை போனை நீட்டினார். "மாமா, இந்த ஆப் மைனஸ் 80-ன்னு காட்டுது." அது வேறு கூத்து. ஜி.பி.எஸ். அளப்பது பூமிக்குப் பொருத்தி வரைந்த ஒரு வழுவழுப்பான நீள்உருண்டையிலிருந்து. கடல்மட்டமோ ஈர்ப்புவிசைக்குத் தக்கபடி மேடுபள்ளமாக இருக்கிறது. உலகத்திலேயே ஆழமான அந்தப் பள்ளம் இந்தியப் பெருங்கடலில், இலங்கைக்குத் தெற்கே. அங்கே கடல் அந்த உருண்டைக்குச் சுமார் 106 மீட்டர் கீழே. சில ஆப்கள் இந்தத் திருத்தத்தைச் செய்யும், சில செய்யாது. போன் சொல்கிற உயரத்தை வைத்து வீடு வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

பழைய சகா ஒருவரிடம் ஆட்டோ லெவலும் ஸ்டாஃபும் இரவல் வாங்கினேன். 700 மீட்டர் தள்ளி ஒரு பாலத்துக் கைப்பிடிச் சுவரில் பெஞ்ச் மார்க், அதாவது உயரம் ஏற்கெனவே தெரிந்த அடையாளம், வெட்டியிருந்தது. சுண்ணாம்பு பூசி மறைத்திருந்தார்கள், சாவியால் சுரண்டினால் அம்புக்குறி தெரிந்தது. ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தோம். மகள் ஸ்டாஃப் பிடித்தாள். "அசையாம பிடிக்கணுமாப்பா?" என்றாள். "இல்லடா, மெதுவா முன்னும் பின்னும் ஆட்டு. ஆட்டும்போது எனக்குத் தெரியிற குறைஞ்ச எண்தான் சரி." நேராக நிற்கும்போதுதான் எண் குறைவாக இருக்கும், சாய்ந்தால் கூடும். இதைச் சொல்லிக்கொடுக்க எனக்கு 31 வருஷமும் இவள் ஒருத்தியும் ஆகியிருக்கிறது. வீட்டு வாசற்படி வரை போய், திரும்பப் பாலத்துக்கே வந்து முடித்தோம். முடிவுப் பிழை, அதாவது புறப்பட்ட உயரத்துக்கும் திரும்பிய உயரத்துக்கும் வித்தியாசம், 6 மி.மீ. அந்தத் தூரத்துக்கு அது போதும், கை இன்னும் மறக்கவில்லை.

வாசற்படியின் ஆர்.எல்., அதாவது சராசரிக் கடல்மட்டத்துக்கு மேல் உயரம், 1.82 மீட்டர்.

6.4 எங்கே, 1.82 எங்கே? நாலரை மீட்டர் எங்கிருந்து வந்தது என்று தலையைத் தூக்கிப் பார்த்தேன். வாசலில் ஒரு பெரிய மரம், இரண்டு பக்கமும் மூன்று மாடி. அந்த மரத்தையும் மாடியையும் தரை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். 2022-லேயே பிரிஸ்டல் பல்கலைக்கழகத்துக்காரர்கள் காட்டையும் கட்டடத்தையும் கழித்த உலக உயரத் தரவை வெளியிட்டுவிட்டார்கள், அதையாவது எடுத்திருக்கலாம். மின்னஞ்சல் போட்டேன். இது மேற்பரப்பா, வெறும் தரையா? எந்த டேட்டம், அதாவது உயரத்தை எந்தப் பூஜ்யத்திலிருந்து எண்ணியது? எந்த வருஷத்து அளவு? ஒன்பது நாள் கழித்து, 'எங்கள் தரவு உலகளவில் ஏற்கப்பட்டது' என்று ஒரு வரி. கூடவே அதே பி.டி.எஃப்., புதுத் தேதி போட்டு. மதிப்பெண் அதே 2. வேறு எந்த நிறுவனத்திடம் போனாலும் காசு கட்டும் முன் இந்த மூன்றையும் கேளுங்கள். மழுப்பினால் வந்த வழியே திரும்பிவிடலாம்.

1.82-ஐ வைத்து ஒரு தாளில் கணக்குப் போட்டோம். ஓத அட்டவணையைப் பார்க்கும்போது கவனம் வேண்டும்: அதில் உள்ள எண் கப்பல்காரர்களுக்கானது, ஏறக்குறைய மிகத் தாழ்ந்த ஓதத்திலிருந்து எண்ணுவது. சராசரிக் கடல்மட்டத்துக்கு மாற்றினால் எங்கள் இடத்தில் பௌர்ணமி, அமாவாசை ஓதம் 0.65. அதோடு நூற்றாண்டு இறுதிக்கு நடுவாக ஒரு 60 செ.மீ. ஆச்சு 1.25. சாதாரணப் புயல் ஒன்று கடலை அரை மீட்டர் தூக்கினால் 1.75. வாசற்படிக்கு மிச்சம் 7 செ.மீ. மகள் தன் உள்ளங்கையைப் படியில் குறுக்காக வைத்துப் பார்த்தாள்.

அந்த 7-ம் நிச்சயமில்லை. பாலத்துக் கல்லில் வெட்டிய பூஜ்யம், டேட்டம் வகுத்த காலத்துக் கடல். பிரிட்டனில் இன்றும் உயரங்களுக்கெல்லாம் அடிப்படை நியூலின் துறைமுகத்தில் 1915 முதல் 1921 வரை அளந்த சராசரி. அதற்குப் பிறகு அங்கே கடல் சுமார் 20 செ.மீ. ஏறிவிட்டது, கல் மட்டும் பழைய கதையையே சொல்லிக்கொண்டிருக்கிறது. எங்கள் கல்லின் வயதும் குறைவில்லை. தரை வருஷத்துக்கு வெறும் 3 மி.மீ. இறங்கினாலும் 75 வருஷத்தில் 22 செ.மீ.

மாப்பிள்ளை நூற்றாண்டுக் கணக்கெல்லாம் எதற்கு என்றார். நியாயம், கடன் 30 வருஷம்தான். ரிப்போர்ட்டிலும் 'நூறாண்டு வெள்ளத்தில் மட்டும் பாதிப்பு' என்று ஆறுதல் சொல்லியிருந்தது. நூறு வருஷத்துக்கு ஒரு தடவை என்று அதற்குப் பொருள் இல்லை, ஒவ்வொரு வருஷமும் நூற்றில் ஒரு வாய்ப்பு. 30 வருஷத்தில் ஒரு தடவையாவது வர 26 சதவீதம். அதுவும் கடல் இப்படியே நின்றால். ஓதமானி இருக்கும் இடங்களில் பாதிக்கு மேல், நூற்றாண்டுக்கு ஒருமுறை வந்த கடல் ஏற்றம் 2100-க்குள் குறைந்தது வருஷத்துக்கு ஒருமுறை வரும் என்கிறது அதே ஐபிசிசி அறிக்கை.

இத்தனையும் கடல் முன்வாசல் வழியாக வந்தால். நாலு சேவைகளிலும் கிடைக்காத ஒன்றை ஒரு பௌர்ணமி அன்று பார்த்தேன். கால்வாய் முகத்தில், கடல்நீர் உள்ளே வராமல் இருக்க இரும்பு மடக்குக் கதவு ஒன்று தொங்குகிறது. உள்ளிருந்து தண்ணீர் தள்ளினால் திறக்கும், வெளியிலிருந்து தள்ளினால் மூடிக்கொள்ளும். காலை ஒன்பதே காலுக்கு அது மூடியது. கீல் துருப்பிடித்து ஒரு பக்கம் நாலு விரல் இடைவெளி, அது வழியே கடல் சலசலவென்று உள்ளே வந்துகொண்டிருந்தது. கால்வாய்ச் சுவரில் சாக்குக்கட்டியால் கோடு போட்டேன். பத்தரைக்குக் கோட்டைக் காணோம். தெருமுனைச் சாக்கடை மூடியின் துளை வழியே முதலில் குமிழி, பிறகு தண்ணீர். வானத்தில் ஒரு மேகம் கிடையாது.

அந்த நேரத்தில் மழையும் சேர்ந்தால் அது போக வழியே இல்லை. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் அதிக ஈரத்தைச் சுமக்கும், கொட்டும்போது அதற்குத் தக்கபடி கொட்டும். ஓதமும் மழையும் ஒரே நாளில் கைகோத்தால் என்ன ஆகும் என்று வடிகால் குழாயின் அளவோடு சேர்த்துக் கணக்குப் போட, அந்த நகரத்தின் வடிகால் வரைபடம் வேண்டும். உலகப் படங்களிடம் அது இருக்காது.

தெரு மட்டும் ஒளிக்கவில்லை. திரும்பும்போது ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். இரும்புக் கேட்டுகளில் முழங்கால் உயரம் வரை துரு, அதற்கு மேல் பெயின்ட் பளபளப்பு. பழைய வீடுகளில் மின்சார மீட்டர் பெட்டியைக் கழற்றி மேலே ஏற்றியிருக்கிறார்கள், பழைய ஆணி ஓட்டைகள் இடுப்பளவில் அப்படியே இருக்கின்றன. ஒரு வீட்டில் இரண்டு தடவை ஏற்றியிருந்தது. எந்தச் சேவைக்கும் நான் கொடுத்த மதிப்பெண்ணை விட அந்த ஓட்டைகளுக்குக் கூடுதலாகக் கொடுப்பேன்.

மகள் அதே கட்டடத்தில் இரண்டாம் மாடி கேட்கலாமா என்கிறாள். வீடு நனையாது, சரி. லிஃப்ட் குழியும் தண்ணீர் மோட்டாரும் கீழேதான் இருக்கின்றன என்றேன். முகம் சுருங்கியது. மாப்பிள்ளை லெவல் புத்தகத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு போயிருக்கிறார், வீட்டுக்காரரிடம் காட்டப் போகிறாராம்.

நேற்று அந்தப் பச்சைக் கட்டத்துக்காரர்களிடமிருந்து மின்னஞ்சல். எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள், கீழே உள்ள பெட்டியில் உங்கள் கருத்தை எழுதுங்கள் என்று. ஒரு நட்சத்திரத்தைத் தொட்டுவிட்டு, பெட்டியில் 1.82 என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.